மூலைமட்டம் வாங்கும் முன்

தாராவிக்கு ஒரு பக்கம் மாஹிம் ரயில் நிலையம். மறு பக்கம் சயான் ரயில் நிலையம். தச்சு வேலை செய்கிறவர்கள் காலையில் பையைத் தோளில் மாட்டி ரயில் ஏறுகிறார்கள். ஒருவருக்கு மாட்டுங்காவில் அலமாரி வேலை. இன்னொருவருக்குச் செம்பூரில் கதவு வேலை.

அந்தப் பையில் ரம்பம் இருக்கும். உளி, சுத்தியல், டேப் இருக்கும். மூலைமட்டமும் இருக்கும். மும்பைக் கடைகளில் இதைக் ‘குனியா’ என்று கேட்க வேண்டும்.

மூலைமட்டத்தின் முக்கிய வேலை ஒன்றுதான். மூலை நேராக இருக்கிறதா என்று காட்டுவது. நேரான மூலை என்றால் 90 டிகிரி. புதுப் புத்தகத்தின் மூலையைப் பாருங்கள். அதுதான் 90 டிகிரி.

சிறு பிழை, பெரிய நட்டம்

மூலைமட்டமே தவறாக இருந்தால் என்ன ஆகும்?

ஒரு மூலைமட்டம் 30 செ.மீ. நீளம். அதன் நுனி அரை மில்லிமீட்டர் விலகி இருக்கிறது. கண்ணுக்கு இது தெரியாது. அதை வைத்துத் தச்சர் பிளைவுட்டில் கோடு போடுகிறார்.

பிளைவுட் பலகை பெரும்பாலும் 8 அடி நீளம், 4 அடி அகலம் இருக்கும். 4 அடி என்பது சுமார் 120 செ.மீ. இது 30 செ.மீட்டரைப் போல் நான்கு மடங்கு. பிழையும் நான்கு மடங்கு ஆகிறது. அரை மில்லிமீட்டர் 2 மில்லிமீட்டர் ஆகிறது. 8 அடி நீளத்தில் அதுவே 4 மில்லிமீட்டர் ஆகிறது.

அப்போது அலமாரிக் கதவு சரியாக மூடாது. மேலே உரசும். கீழே இடைவெளி விடும். பலகையை மறுபடி வெட்ட வேண்டும். வெட்டிய பலகை வளராது. கூலிக்கு வந்தவருக்குக் கெட்ட பெயர். காண்டிராக்ட் எடுத்தவருக்குப் பலகை விலையும் நட்டம்.

மடக்கு மூலைமட்டம்

சாதாரண மூலைமட்டத்தில் கைப்பிடியும் தகடும் அசையாது. ஆனால் பெரிய மூலைமட்டம் பையில் அடங்காது. ரயில் கூட்டத்தில் இடிபடும். வளையும்.

அதற்காக மடக்கு மூலைமட்டம் இருக்கிறது. இதில் இரண்டு கைகள் உண்டு. நடுவில் ஒரு கீல் உண்டு. விரித்தால் 90 டிகிரியில் பூட்டிக்கொள்ளும். பெரிய வகையில் மூன்றாவது கை ஒன்று குறுக்கே வந்து மாட்டும். அதனால் மூலை அசையாமல் நிற்கும்.

சாய்வான கோணம் எடுக்கும் மட்டமும் மடங்கும். அது வேறு. அதன் தகடு எந்தச் சாய்விலும் நிற்கும். 90 டிகிரியில் தானாகப் பூட்டாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மடக்குவது வசதிதான். ஆனால் அசையும் இடம் தேயும். கீல் தேய்ந்தால் மூலை போய்விடும். கீல் உறுதியாக இருந்தால்தான் மட்டம் நிலைக்கும்.

எதைப் பார்த்து வாங்குவது?

மஸ்ஜித் பந்தர் பக்கம் நாக்தேவி தெருவில் கருவிக் கடைகள் நிறைய உண்டு. எந்தக் கடையில் வாங்கினாலும் இவற்றைப் பாருங்கள்:

1. விரித்துப் பூட்டுங்கள். இரு கைகளையும் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால் வேண்டாம்.

2. பிளாஸ்டிக் விலை குறைவு. ஆனால் விழுந்தால் உடையலாம். அலுமினியம் எடை குறைவு, செந்துரு பிடிக்காது. ஆனால் எளிதில் அடிபட்டு நசுங்கும். துருப்பிடிக்காத எஃகு எடை கூடுதல். நெடுநாள் உழைக்கும்.

3. எண்களை விரலால் தடவுங்கள். வெட்டிப் பொறித்த எண்கள் நிலைக்கும். மேலே அச்சடித்த எண்கள் கைபட்டு அழியும்.

4. அங்குலமும் மில்லிமீட்டரும் இரண்டும் இருக்கட்டும். பிளைவுட்டின் நீளம் அடியில் சொல்லப்படுகிறது. கனம் மில்லிமீட்டரில் சொல்லப்படுகிறது.

கடையிலேயே சோதனை

விலை கூடுதல் என்பதால் மட்டும் மூலை நேராக இருக்காது. சோதித்தே வாங்க வேண்டும்.

நேரான விளிம்பு உள்ள பலகைத் துண்டு ஒன்றை எடுங்கள். ஒரு கண்ணை மூடி விளிம்பின் நேரைப் பாருங்கள். மூலைமட்டத்தின் ஒரு கையை விளிம்போடு ஒட்டி வையுங்கள். மறு கையை ஒட்டிக் கூர்மையான பென்சிலால் கோடு போடுங்கள். இப்போது மட்டத்தைப் புரட்டி எதிர்ப் பக்கமாக வையுங்கள். அதே இடத்தில் தொடங்கி மறு கோடு போடுங்கள்.

இரண்டு கோடுகளும் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. மேலே போகப் போகப் பிரிந்தால் தவறு. பிரிந்த இடைவெளியில் பாதிதான் மட்டத்தின் பிழை.

மடக்கு வகைக்கு ஒரு முறை போதாது. பத்துத் தடவை மடக்கி விரியுங்கள். மறுபடி சோதியுங்கள். அப்போதும் கோடு சேர வேண்டும்.

பெரிய மூலைமட்டத்துக்கு இன்னொரு கணக்கு உண்டு. மூலையிலிருந்து ஒரு கையில் 30 செ.மீ. குறியுங்கள். மறு கையில் 40 செ.மீ. குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே டேப் பிடியுங்கள். சரியாக 50 செ.மீ. இருந்தால் மூலை நேர். அறையின் மூலையையும் இப்படியே அளக்கலாம்.

காப்பது எப்படி?

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. காற்றிலும் ஈரம் இருக்கும். வேலை முடிந்ததும் மட்டத்தைத் துணியால் துடையுங்கள். கீலில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். பசையும் மரத்தூளும் கீலில் சேர விடாதீர்கள். சுத்தியலோடு சேர்த்துப் போடாமல் தனித் துணியில் சுற்றி வையுங்கள். மூலைமட்டத்தால் ஆணி அடிக்கவோ பலகையை நெம்பவோ கூடாது.

மட்டம் கீழே விழுந்தால் கோடு போட்டு மறுபடி சோதியுங்கள். அதற்கு இரண்டு நிமிடம் ஆகும். சோதிக்காமல் வெட்டினால் ஒரு பலகையே போகும்.