ஏரிக்கரையும் மோட்டார் காரும்

வாலாஜாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரம் போகும் சாலையில் பிரயாணம் செய்கிறவர்கள் தென்னேரியின் பெரிய ஏரியை ஒரு தடவையாவது நின்று பார்த்திருப்பார்கள். திரையன் பெயரால் திரையனேரி என்றிருந்தது நாளடைவில் தென்னேரி ஆயிற்று என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். இத்தனை நூற்றாண்டுகளாக அந்த மண் கரை நிற்கிறதே, அதற்குக் காரணம் கரையின் பலம் மட்டுமா? அன்று. கரை உடைவதற்கு முன்பே அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததுதான் காரணம். இதே காஞ்சீபுரம் ஜில்லாவிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்த கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் 'ஏரி வாரியம்' என்று ஒரு சபையே பேசப்படுகிறது. குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 360 நாள் ஏரியைக் கவனித்துக்கொள்ள வேண்டும். மழை வந்த பிறகு மண்வெட்டி தேடுகிற வழக்கம் அவர்களிடம் இல்லை.

அந்த ஏரிக்கரை ஊர்களில் இன்று வாசலுக்கு வாசல் கார் நிற்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வேலைக்குப் போகிறவர்கள் வாங்கியது, பட்டு வியாபாரத்துக்காக வாங்கியது, மகன் வெளியூரிலிருந்து பணம் அனுப்பி வாங்கச் சொன்னது என்று பல விதம். 1998 முதல் கார் தயாராகும் இருங்காட்டுக்கோட்டையும் இந்த வட்டாரத்துக்கு எட்டாத தூரமில்லை. ஆனால் இந்தக் கார்களுக்கு வாரியம் எது?

சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வாடகைக்கு ஓடும் டாக்சிக்கும் வேனுக்கும் 'எஃப்.சி.' உண்டு. முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், அதன் பிறகு வருஷா வருஷமும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும். சொந்தக் காருக்கோ பதிவு செய்த நாளிலிருந்து 15 வருஷம் வரை அப்படி ஒரு கட்டாயச் சோதனை கிடையாது. புகைச் சோதனைச் சான்று வாங்குகிறோமே என்பீர்கள். அது புகையைத்தான் பார்க்கும், பிரேக்கைப் பார்க்காது. ஜப்பானில் புதுக் கார் மூன்று வருஷத்தில் சோதனைக்குப் போய்விடுகிறது. பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை போகிறது. இங்கிலாந்தில் 1960-ல் இத்தகைய சோதனையை ஆரம்பித்தார்கள். இன்று அங்கே மூன்று வருஷமான கார் வருஷந்தோறும் தேற வேண்டும். நம் ஊரில் அந்த வேலை முழுவதும் சொந்தக்காரர் தலையில் விழுந்திருக்கிறது. அநேகம் பேருக்கு அது தங்கள் வேலை என்பதே தெரியாது.

அம்பாஸிடரும் ஃபியட்டும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஓடிய காலத்தில் இது தெரியாமல் இருக்க வழியில்லை. காலையில் ரேடியேட்டரைத் திறந்து தண்ணீர் பார்க்காமல் டிரைவர் சாவியைத் தொட மாட்டார். கிரீஸ் அடிப்பது மாதாந்தர விசேஷம். இன்றைய கார் அவ்வளவு தொந்தரவு கொடுப்பதில்லை. அதனால்தான் ஆபத்து. தொந்தரவு கொடுக்காத பிள்ளையை வீட்டில் யாரும் கவனிப்பதில்லையல்லவா?

என்ஜின் ஆயிலை எடுத்துக்கொள்வோம். வண்டியைச் சம தரையில் நிறுத்தி, என்ஜின் அணைந்து சில நிமிஷம் ஆன பிறகு, அளவுக் கம்பியை உருவித் துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தால் போதும். இரண்டு குறிகளுக்கு நடுவே எண்ணெய் நிற்க வேண்டும். காபியில் பால் கலந்த நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். "நான் வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டுவதில்லை, ஆயில் எதற்கு மாற்ற வேண்டும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கடைத்தெரு வரை போய் வருகிற வண்டியின் என்ஜின் சரியாகச் சூடு ஏறுவதே இல்லை. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிப் போகாமல் எண்ணெயிலேயே தங்குகிறது. ஆகவே கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன காலக்கெடு வந்தால் மாற்றிவிடுவதே சரி. ஓடும்போது எண்ணெய்ச் சின்னம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது. ஓரங்கட்டி என்ஜினை அணைக்க வேண்டும்.

குளிர்விக்கும் நீரில் ஒரு சிக்கனம் நம்மவரிடம் பிரசித்தம். கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். உப்புத் தண்ணீர் ஊரில், சமையல் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவம் ரேடியேட்டருக்குள்ளும் படியும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்து கையும் முகமும் வெந்தவர்கள் கதையை எந்த ஒர்க்ஷாப்பிலும் கேட்கலாம். வண்டி ஆறும் வரை காத்திருங்கள்.

ஆயிலையாவது சிலர் பார்க்கிறார்கள். பிரேக் ஆயிலைப் பார்ப்பவர் எத்தனை பேர்? குறைந்தால்தானே ஊற்ற வேண்டும் என்று இருந்துவிடுகிறார்கள். இந்த எண்ணெய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதிய 'டாட் 4' ரகம் 230 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 டிகிரியாகவே இறங்கிவிடலாம். சமவெளியில் இதன் வித்தியாசம் தெரியாது. குடும்பத்தோடு திருப்பதி மலையிலிருந்தோ, 14 கொண்டை ஊசி வளைவு உள்ள ஏலகிரியிலிருந்தோ, பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது தெரியும். சக்கரத்தருகே சூடு ஏறி, ஈரம் ஆவியாகி, குழாயில் குமிழி உண்டாகும். எண்ணெயை அழுத்தினால் அது பிரேக்கைத் தள்ளும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கும், அவ்வளவுதான். பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இதைத் தடுக்கிற மருந்து, பல கம்பெனிகள் சொல்வதுபோல இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அந்த எண்ணெயை மாற்றுவது. ஒரு பட்டுப் புடவையின் விலைக்குமுன் அந்தச் செலவு ஒரு செலவே அல்ல. இறக்கத்தில் கியரைக் குறைத்து என்ஜினையே இழுத்துப் பிடிக்கச் செய்வது அதற்குமேல் ஒரு பாதுகாப்பு.

டயரின் காற்றை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்ப்பது நல்லது. எவ்வளவு என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கிறது; பெட்ரோல் பங்க் பையனைக் கேட்க வேண்டியதில்லை. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடாகிறது. சித்திரை வெயிலில் பெங்களூர் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது வெடிப்பது பெரும்பாலும் இந்த டயர்தான். டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் தெரியும். 3521 என்றிருந்தால் 2021-ம் வருஷம் 35-வது வாரம் செய்தது என்று பொருள். பழைய கார் வாங்குகிறவர்கள் பெயின்டைப் பார்க்கு முன் இந்த நான்கு இலக்கத்தைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

மழைக்காலம் தனிச் சங்கதி. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்று வெள்ளம் சென்னைத் தெருக்களில் புகுந்தபோது எத்தனையோ கார்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று சாவியைத் திருப்பினவர்களுக்குத்தான் பெரிய நஷ்டம். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் காற்றைப்போல் சுருங்காது. மேலே வரும் பிஸ்டன் முட்டி, அதைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். நனைந்த காரைக் கட்டி இழுத்துக்கொண்டுதான் ஒர்க்ஷாப்புக்குப் போக வேண்டும். ஏரி நிரம்பிக் கலங்கல் ஓடுகிற நாட்களில் தென்னேரிப் பக்கத்தாரும் இதை மனத்தில் வைத்திருப்பது நலம்.

வயல் அருகே நிறுத்தும் கார்களுக்கு எலி ஒரு சத்துரு. அறுவடை முடிந்ததும் சூடான இடம் தேடி பானெட்டுக்குள் குடியேறி ஒயரைக் கடிக்கும். வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து பார்ப்பதற்கு இதுவே போதுமான காரணம். பார்க்கும்போதே பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருக்கிறதா, ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா என்று கண்ணை ஓட்டிவிடலாம். கல், ஜல்லி லாரிகள் புழுதி கிளப்பும் சாலையில் ஓட்டுகிறவர்கள் ஏர் ஃபில்டரைக் கம்பெனி சொன்ன கெடுவுக்கு முன்பே தட்டிப் பார்ப்பது நல்லது.

தறியில் உட்காரும் நெசவாளி, பாவு இழை ஒன்று அறுந்தால் அப்போதே முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த இழையை ஓட்டுகிறார். அதே வீட்டு வாசலில் நிற்கும் காரின் பிரேக் கீச்சிட்டுக்கொண்டு மாதம் இரண்டாகிறது. பல வண்டிகளில் அந்தச் சப்தம், பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்று அறிவிக்கவே பொருத்திய சிறு தகட்டின் சப்தம். கல்யாணப் பட்டு எடுக்க உறவினர்கள் ஏறுவதற்கு முந்தின நாளாவது வண்டியைக் காட்டிவிட்டு வாருங்கள். அப்படியே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.