கருமுட்டைக்கு ஏன் சீக்கிரம் வயதாகிறது?
“35 தாண்டினா கஷ்டம்” என்று டாக்டர் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. விஷயம் செல் பிரிவில் இருக்கிறது.

தோல் செல் மைட்டாசிஸ் முறையில் பிரியும். 46 குரோமோசோம்களுக்கும் நகல் எடுத்து, ஆளுக்கொரு செட். நகல் எடுத்த பின் பிரிவது சுமார் ஒரு மணி நேர வேலை, அவ்வளவுதான்.

கருமுட்டையின் கதையே வேற. 46-ஐ 23 ஆக்கும் மியாசிஸ், நீங்கள் அம்மா வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி, பாதியில் நின்றுவிடும். தொடர்வது அந்த முட்டை வெளிவரும் மாதத்தில்தான். 38 வயதில் என்றால், 38 வருட வெயிட்டிங்! அதற்குள் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடிக்கும் கோஹெசின் புரதம் தளர்ந்துவிடும். பிரியும்போது கணக்கு தப்பும். 21-வது குரோமோசோம் ஒன்று கூடினால் டவுன் சிண்ட்ரோம். இதற்கான வாய்ப்பு 25 வயதுத் தாய்க்குச் சுமார் 1,250-ல் ஒன்று, 40-ல் சுமார் 100-ல் ஒன்று.

முட்டையை உறைய வைத்தால்? அதன் வயது அன்றோடு நிற்கும். குழந்தைக்கு கேரண்டி கிடையாது.