அருகிருந்தும் அறியாத சென்னை

பெருநகரில் வாழ்வோர் அனைவரும் அந்நகரை முழுமையாக அறிந்தவர் எனக் கூற இயலாது. வீடு, பள்ளி, அலுவலகம், கடைவீதி ஆகியவற்றை இணைக்கும் சில சாலைகளே பலருக்கு நகரமாக அமைந்துவிடுகின்றன. வெளியூரிலிருந்து வருவோர் மெரினா கடற்கரை, கலங்கரை விளக்கம், கபாலீசுவரர் கோயில் எனச் சில இடங்களைக் கண்டு திரும்புகின்றனர். இவ்விரு வட்டங்களுக்கும் வெளியே விரிந்து கிடக்கும் சென்னை மிகப் பெரியது. அதனைக் காண நீண்ட பயணமோ பெரும்பொருளோ தேவையில்லை. உற்றுநோக்கும் கண்ணும் கேட்டறியும் ஆர்வமும் இருந்தால் போதும்.

தெருப்பெயரும் வரலாறும்

சென்னை ஜார்ஜ் டவுன் பகுதியில் 'அரண்மனைக்காரன் தெரு' என்னும் தெரு ஒன்று உண்டு. பெயரைக் கேட்போர் முன்னாளில் அங்கு அரண்மனை ஒன்று இருந்திருக்கும் என எண்ணக்கூடும். உண்மையில் அது, வணிகத்தின் பொருட்டுச் சென்னைக்கு வந்து தங்கிய ஆர்மீனியர்களால் பெயர்பெற்ற தெருவாகும். 'ஆர்மீனியன்' என்னும் அயற்சொல் மக்கள் நாவில் 'அரண்மனைக்காரன்' எனத் திரிந்தது என்பர். கேட்டறியாத ஒலியைத் தமக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்ளும் மக்கள் வழக்கிற்கு இது நல்லதொரு சான்று.

அத்தெருவில் 1772ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஆர்மீனியத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794ஆம் ஆண்டு சென்னையில்தான் வெளிவந்தது. அதனை வெளியிட்ட பாதிரியார் ஹருத்யுன் ஷ்மாவோனியனின் கல்லறையும் இத்தேவாலய வளாகத்திலேயே உள்ளது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கடந்து செல்லும் தெருவில், ஓர் இனத்தின் இதழியல் வரலாற்றுத் தொடக்கம் அமைதியாக உறங்குகிறது.

வானை அளந்த இடம்

நுங்கம்பாக்கத்தில் உள்ள வானிலை ஆய்வு மையத்தைப் புயல் செய்திகளின் வழியே தமிழ்நாடு முழுவதும் அறியும். அவ்வளாகத்தில் பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூண் ஒன்று இருப்பதை அறிந்தோர் சிலரே. 1792ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட அவ்வானாய்வகத்தின் தொலைநோக்கிக் கருவியைத் தாங்கி நின்றது அத்தூண். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அதன்மீது கல்வெட்டு பொறிக்கப்பட்டுள்ளது.

இவ்வானாய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் 1861ஆம் ஆண்டில் சிறுகோள் ஒன்றைக் கண்டறிந்தார். ஆசியக் கண்டத்திலிருந்து முதன்முதலாகக் கண்டறியப்பட்டதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயரிடப்பட்டது. அங்குப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ஆம் ஆண்டில் ஒளி மாறுபடும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874ஆம் ஆண்டில் சூரியனை வெள்ளி கடந்து சென்ற நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்கச் சிறுநூல் ஒன்றையும் அவர் எழுதினார்.

நீரின் பெயர் தாங்கிய ஊர்கள்

சென்னையின் ஊர்ப்பெயர்கள் பல, நீர்நிலைகளைக் குறிப்பவை. மழைநீரைத் தேக்கிவைக்கும் சிறு ஏரி 'தாங்கல்' எனப்படும். பழவந்தாங்கல் என்னும் பெயரில் அச்சொல் வாழ்கிறது. அல்லி பூத்த குளத்தைத் திருவல்லிக்கேணி நினைவூட்டுகிறது. நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் சாலை' உள்ளது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ சாலை' உள்ளது. முன்னது ஏரிக்கரைச் சாலை; பின்னது ஏரியைக் காணும் சாலை. ஆனால், இன்று அங்கு ஏரி இல்லை. நுங்கம்பாக்கம் முதல் மாம்பலம் வரை நீண்டு கிடந்த ஏரியின் பெரும்பகுதி 1920களில் வடிக்கப்பட்டுத் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. ஏரி மறைந்தாலும் பெயர் மறையவில்லை.

இதனை அறிவது வெறும் பழங்கதை அறிவதன்று. மழைநீர் தாழ்வான இடத்தையே நாடும். மனிதர் இட்ட புதிய பெயர்களை அது அறியாது. 2015ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தையும் 2019ஆம் ஆண்டின் கடும் குடிநீர்ப் பஞ்சத்தையும் ஒரே நகரம் நான்கு ஆண்டு இடைவெளியில் சந்தித்தது. நீர்நிலைகளை இழந்த நகரத்தில் மிகுதியான நீரும் துன்பமாகிறது. குறைவான நீரும் துன்பமாகிறது.

சதுப்புநிலமும் கடற்கரையும்

தென்சென்னையில் எஞ்சியுள்ள பெரும் நன்னீர்ச் சதுப்புநிலம் பள்ளிக்கரணை. மக்கள் வழக்கில் இத்தகைய நிலம் 'கழிவெளி' எனப்பட்டது. 'கழி' என்பது நீர் தேங்கும் நிலத்தைக் குறித்த சொல். அப்பொருளை மறந்த நகரம், அதன் ஒரு பகுதியில் பல ஆண்டுகள் கழிவைக் கொட்டியது. கட்டடங்களும் பெருகின. எனினும், பனிக்காலத்தில் பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் இன்றும் அங்கு வருகின்றன. பறவை ஆர்வலரும் உள்ளூர் மக்களும் தொடர்ந்து குரல் கொடுத்தனர். 2022ஆம் ஆண்டில் பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

பெசன்ட் நகர், நீலாங்கரைக் கடற்கரைகளில் மற்றொரு காட்சியைக் காணலாம். சனவரி முதல் கடலாமைகள் முட்டையிட இரவில் கரையேறுகின்றன. பங்குனி மாதத்தை ஒட்டி வருவதால் மீனவர் இவற்றைப் 'பங்குனி ஆமை' என்பர். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் ஒளி மிகுந்த திசையை நோக்கி நகரும் இயல்புடையவை. முற்காலத்தில் அவ்வொளி கடலின் மேல் இருந்தது. இன்று தெருவிளக்குகளில் இருக்கிறது. குஞ்சுகள் திசைமாறிச் சாலையை அடைந்து இறக்கின்றன. இதனைத் தடுக்க 1988ஆம் ஆண்டு முதல் மாணவர் அமைப்பு ஒன்று இரவுதோறும் கடற்கரையில் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாப்பான பொரிப்பிடத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டுவருகிறது. பொதுமக்களும் அந்நடையில் கலந்துகொள்ளலாம்.

தேடும் முறை

இத்தகைய இடங்களைக் காண விழைவோர் தம் தெருவிலிருந்தே தொடங்கலாம். தெருவின் பழம்பெயர் என்ன, மழைநீர் எத்திசையில் ஓடுகிறது, அங்கு முன்பு என்ன இருந்தது என முதியோரிடம் கேட்கலாம். கேட்டதை எழுதிவைத்துப் பழைய நிலப்படங்களோடும் நூல்களோடும் ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். 1896ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம் இதற்குப் பெரிதும் உதவும். செவிவழிச் செய்தி அனைத்தும் வரலாறு ஆகாது. அதனைப் புறக்கணித்தாலும் வரலாறு முழுமை பெறாது.

செல்லுமிடத்தில் அமைதி காப்பதும் குப்பை போடாதிருப்பதும், ஆமைகள் கரையேறும் இடத்தில் விளக்கொளியைத் தவிர்ப்பதும் காண்போரின் கடமைகள். பெயர் தெரியாத ஏரி மறைந்தபோது அதற்காக வருந்துவோர் குறைவாகவே இருந்தனர். பறவைகளின் பெயரைச் சொல்லத் தெரிந்தோர் இருந்ததால் பள்ளிக்கரணைக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. அறியப்படாத இடம் எளிதில் அழியும். அறிந்தோர் உள்ள இடத்திற்காகக் கேள்வி கேட்கச் சிலரேனும் முன்வருவர்.