ஒன்றுக்குப் பக்கத்தில் பதினாறு

கோவையிலிருந்து அனிமேஷன் இறுதியாண்டு மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். துறையில் ஆண்டு மலர் போடுகிறார்களாம், வடிவமைப்புப் பொறுப்பு அவருடையது. வகுப்பில் எல்லாரும் செய்வது ஓடுகிற படமும் விளையாடுகிற கேமும்தான், அவற்றை அசையாத தாளில் எப்படி வைப்பது என்று கேட்கிறார். பிடிஎஃப் போதுமே, அச்சு எதற்கு என்று பாதி வகுப்பு முணுமுணுக்கிறதாம்.

முணுமுணுப்புக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு முன் அனிமேஷன் படித்த யாரிடமாவது அவருடைய இறுதியாண்டுப் படைப்பைக் காட்டச் சொல்லுங்கள். ஃபிளாஷில் செய்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். அடோபி 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் பிளேயரைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அதில் எதுவும் ஓடாதபடி தடுத்தும்விட்டது. கோப்பு பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் அதைத் திறக்க வழி தேடி அலைய வேண்டும். அவர் படித்த வருடம் அச்சான மலரைத் தூசி தட்டினால் போதும், படிக்கலாம்.

திரையின் வண்ணம் வேறு, மையின் வண்ணம் வேறு என்பதை டிஜிட்டல் கலை படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு எச்சரிக்கை மட்டும். முழு எச்டி காட்சி ஒன்று 1920க்கு 1080 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் அது 6.4 அங்குல அகலமும் 3.6 அங்குல உயரமும்தான் வரும். இரண்டு பக்கத்துக்கும் இழுத்துப் போட்டால் மங்கிவிடும். மலருக்கென்று தனியாகப் பெரிதாக ரெண்டர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது இருட்டுக் காட்சிகள். இந்தத் தலைமுறைக்கு ஏனோ இருட்டின் மேல் அப்படி ஒரு காதல். திரையில் கறுப்பென்றால் அங்கே ஒளி இல்லை, அவ்வளவுதான். தாளிலோ அந்த இடத்தில்தான் மை அதிகம் கொட்டிக் கிடக்கிறது. அச்சின் நான்கு வண்ண மையும் சேர்ந்து 300 சதவீதத்தைத் தாண்டினால் ஆர்ட் பேப்பரில் சரியாகக் காயாமல், மேலே வந்து விழும் தாளின் பின்பக்கத்தில் அப்பிக்கொள்ளும்.

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். புத்தகத்தைப் பக்கம் பக்கமாக யாரும் அச்சடிப்பதில்லை. பெரிய தாளின் ஒரு முகத்தில் எட்டுப் பக்கம், மறுமுகத்தில் எட்டுப் பக்கம். அதை மூன்று முறை மடித்தால் 16 பக்க ஃபாரம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மூன்று முறை மடித்து, கிழிக்காமல் ஓரங்களை விலக்கி விலக்கி 1 முதல் 16 வரை எண் போட்டுவிட்டு விரித்துப் பாருங்கள். எண்கள் கலைந்து கிடக்கும். சில தலைகீழாகவும் நிற்கும். ஆனால் கலைப்பில் ஒரு ஒழுங்கு உண்டு. முதுகு மடிப்பின் இரு புறமும் இருக்கும் எண்களைக் கூட்டினால் எப்போதும் 17. ஒன்றுக்குப் பக்கத்தில் பதினாறு, நாலுக்குப் பக்கத்தில் பதின்மூன்று, ஏழுக்குப் பக்கத்தில் பத்து. படிக்கும்போது எதிரெதிரே வரும் 2-ம் 3-ம் விரித்த தாளில் வரிசையின் இரு கோடியில் கிடக்கும். என் தாத்தா எட்டு முழ வேட்டியைக் கொடியிலிருந்து எடுத்து மடிக்கும்போது இரண்டு முனையும் எங்கிருந்தோ வந்து ஒன்றாகச் சேருமே, அதே வேலைதான்.

இதில் வடிவமைப்பாளருக்கு என்ன? எதிரெதிர்ப் பக்கங்களாகவும் இருந்து, தாளிலும் முதுகு மடிப்பில் ஒட்டியே அச்சாவது ஒரு ஃபாரத்தில் ஒரே ஒரு ஜோடி, 8-ம் 9-ம். இரண்டு பக்கத்துக்கும் விரியும் படத்தை அங்கே வைத்தால் நடுவில் பிசிறில்லாமல் சேரும். அடுத்த ஃபாரத்தில் 24-25, அதற்கடுத்து 40-41. வேறு எங்கே வைத்தாலும் படத்தின் இடது பாதியின் உள்ளோரம் தாளின் ஒரு இடத்திலும் வலது பாதியின் உள்ளோரம் வேறு இடத்திலும் அச்சாகி, மடித்த பிறகுதான் சந்திக்கும். மடிப்பு ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கதாநாயகியின் மூக்கு உடையும். செலவைச் சுருக்கவும் இந்தக் கணக்கு உதவும். ஒரு முகத்தில் மட்டும் நான்கு வண்ணம் போட்டால் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 ஆகிய பக்கங்கள் கலராகும், மீதி கறுப்பு வெள்ளை. கலர் தேவைப்படாத பென்சில் ஸ்டோரிபோர்டுகளுக்கு அந்த மீதி எட்டுப் பக்கம் போதும்.

அசையாத தாளில் அசைவை எப்படி வைப்பது என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. 1868-இல் பர்மிங்காமைச் சேர்ந்த ஜான் பார்ன்ஸ் லின்னெட் என்ற அச்சுக்காரர் கினியோகிராஃப் என்று ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். பக்கங்களைக் கட்டைவிரலால் சரசரவென்று விட்டால் படம் ஓடும் புத்தகம் அது. மலரின் வலப்பக்க ஓரத்தில், கட்டைவிரல் படும் இடத்தில், அதையே வைக்கலாம். 160 பக்க மலரில் வலப்பக்கம் 80. நொடிக்கு 12 படம் என்றால் ஏழு நொடிக்குச் சற்றுக் குறைவான படம் கையில் இருக்கிறது. இடப்பக்க ஓரங்களில் இன்னொரு படம் வைத்தால், கடைசியிலிருந்து விடும்போது அது ஓடும்.

வலப்பக்கங்களின் எண்களைக் கவனியுங்கள். 1, 5, 9, 13 தாளின் ஒரு முகத்தில் இருக்கின்றன. 3, 7, 11, 15 மறுமுகத்தில். ஆக, அடுத்தடுத்து ஓட வேண்டிய படங்கள் மாறி மாறி வெவ்வேறு பிளேட்டில் அச்சாகின்றன. இரு முகமும் அரை மில்லிமீட்டர் ஒத்துப்போகாவிட்டால் பொம்மை ஒன்றுவிட்டு ஒன்று நடுங்கும். எட்டுப் படத்துக்கு ஒருமுறை ஃபாரம் மாறும் இடத்திலும் ஒரு குலுக்கல் வரும். அச்சகத்தில் சண்டை போட்டு இதை முழுக்கப் போக்கிவிட முடியாது. பந்து குதிப்பது, தீ எரிவது, மழை பெய்வது என்று நடுங்கினாலும் தெரியாத அசைவாகத் தேர்ந்துகொள்வதுதான் கெட்டிக்காரத்தனம். இழையோட்டம் முதுகுக்கு இணையாக இருக்கும் தாளைக் கேட்டு வாங்குங்கள், விரலுக்கு இணங்கும். பசை மட்டும் போட்டு ஒட்டாமல் ஃபாரங்களைத் தைத்து பைண்டிங் செய்யச் சொல்லுங்கள். பூச்சுள்ள ஆர்ட் பேப்பரைப் பசை முழுதாகப் பிடிப்பதில்லை. நாலு பேர் நாலு தடவை படம் ஓட்டினால் ஏடு கையோடு வந்துவிடும்.

நம் கல்லூரி மலர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. முதல் ஃபாரம் நல்ல தாளில் வாழ்த்துரைகளுக்கே போய்விடுகிறது. பிசிறில்லாமல் சேரும் அந்த 8-9-இல் ஆண்டு விழா மேடை. மாணவருக்கோ பின்பக்கங்களில் எங்கோ தபால்தலை அளவு முகமும், யாரோ சொன்ன ஒரு பொன்மொழியும். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம், பட்டம் பெறுகிறவர்களின் இறுதித் திட்டங்களைத் தொகுத்து 'யங் டிசைனர்ஸ்' என்ற புத்தகமாகப் போட்டு வந்திருக்கிறது. அதில் முன்னால் நிற்பது வேலை. நம் பிள்ளைகளுக்கும் அந்த மரியாதையைக் கொடுக்கலாம். முடிந்த காட்சியை மட்டும் போடாமல் முதல் கிறுக்கல், கைவிட்ட முக வடிவம், எலும்புக்கூடு போல நிற்கும் ரிக், அடித்துத் திருத்திய ஸ்டோரிபோர்டு எல்லாவற்றையும் போடுங்கள். இவற்றை ஓடுகிற படம் ஒருபோதும் காட்டாது. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, யார் ஒளி அமைத்தார், யார் ஒலி சேர்த்தார் என்பதையும் எழுதுங்கள். ஆறு பேர் உழைத்த படத்தை இயக்குநர் ஒருவர் பக்கத்தில் மட்டும் போடுவது அநியாயம்.

க்யூஆர் குறியீடு போட்டால் போதாதா என்பார்கள். 1994-இல் ஜப்பானில் டென்சோ நிறுவனம் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கிய சங்கதி அது. முப்பது சதவீதம் வரை அழிந்தாலும் படிக்கும்படி அச்சிட முடியும். ஆனால் அது சுட்டும் கோப்பு கல்லூரி மின்னஞ்சல் கணக்கில் இருந்து, பட்டம் வாங்கியதும் அந்தக் கணக்கை மூடிவிட்டால் என்ன செய்வது? போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. துறையே கவனித்துக்கொள்ளும் ஒரு முகவரிக்குச் சுட்டுங்கள், அதன் அருகிலேயே படத்தின் ஆறு முக்கியக் காட்சிகளையும் அச்சிடுங்கள்.

பிளேட் போடுவதற்கு முன் அச்சகத்தாரிடம் மடித்த டம்மி ஒன்று கேளுங்கள், அதில் எண்களைக் கூட்டிப் பாருங்கள். பிரதி எண்ணிக்கையைச் சொல்லும்போது நான்கு கூட்டிச் சொல்லுங்கள். இந்தியாவில் வெளியாகும் புத்தகத்தில் ஒரு பிரதியைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாராவுக்கும், மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் பதிப்பிப்பவர் அனுப்ப வேண்டும் என்று 1954-இலிருந்தே சட்டம் இருக்கிறது. ஆண்டு மலர் போடும் கல்லூரிகளில் இதை யாரும் நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. அனுப்பும் செலவை வாழ்த்துரைப் பக்கம் ஒன்றைக் குறைத்தே ஈடுகட்டிவிடலாம்.