சுபாவம் என்பது யாது?

அல்லைப்பிட்டிக் கரையில் விடியற்காலையில் வள்ளம் தள்ளும் இருவரை மனக்கண்முன் கொண்டுவருவோம். ஒருவர் ஓயாது பேசிச் சிரிப்பவர். மற்றவர் கேட்டதற்கு மட்டும் விடை கூறுபவர். “அது அவர் சுபாவம்” என்று ஊரார் கூறி முடித்துவிடுவர். அச்சுபாவம் எங்கிருந்து வந்தது? அது மாறக்கூடியதா? ஆளுமை பற்றிய உளவியற் கொள்கைகள் யாவும் இவ்விரு வினாக்களுக்கே விடை தேடுகின்றன.

மக்களை வகைப்படுத்தும் முயற்சி பழமையானது. நம் நாட்டுத் தத்துவ மரபு சத்துவம், இராசதம், தாமதம் என முக்குணங்களை வகுத்தது. அண்மைக்காலத்தில் சுவிற்சர்லாந்து அறிஞர் யுங், 1921ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அகமுகர், புறமுகர் என்னும் பாகுபாட்டை விளக்கினார். அவர் நோக்கில், நம் மௌன மனிதரின் உள்ளம் தன்னுள்ளேயே நிறைவு காண்பது, அதிற் குறையொன்றுமில்லை. ஆயினும் இரு போக்குகளும் ஒவ்வொருவரிடத்தும் உண்டு என்பதை யுங் மறுக்கவில்லை.

வியன்னா நகர மருத்துவர் பிராய்ட் 1923இல் வேறொரு படத்தைத் தீட்டினார். அடங்காத இச்சை, அதனைக் கண்டிக்கும் மனச்சான்று, இரண்டுக்கும் இடையே நின்று உலகியலோடு இணங்கிச்செல்ல முயலும் ‘நான்’ என்னும் உணர்வு ஆகிய மூன்றின் போராட்டமே ஆளுமை என்றார். அவர்வழி நோக்கின், அம்மௌனம் இளமையில் அடக்கப்பட்ட ஏதோவொன்றின் வடுவாக இருத்தல் கூடும். அட்லரோ தாழ்வுணர்வையும் அதனை வெல்ல மனிதன் மேற்கொள்ளும் முயற்சியையும் முதன்மையாகக் கொண்டார்.

1968இல் அமெரிக்க உளவியலாளர் வோல்ற்றர் மிஷெல் சூழ்நிலையின் வலிமையை எடுத்துக்காட்டினார். சந்தையில் வாய்திறவாதவர் கடல்நடுவே தோழரோடு கதைகதையாகப் பேசலாம் அன்றோ? இக்கால ஆய்வாளரும் மனிதரைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைப்பதில்லை. ஒவ்வொரு பண்பும் ஒருவரிடம் எவ்வளவு மிகுந்தோ குறைந்தோ உள்ளது என்றே அளக்கின்றனர்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 1990 ஆகஸ்டிலும் 2006இலும் போரினால் அல்லைப்பிட்டி மக்கள் இடம்பெயர நேர்ந்தது. அத்தகைய துயரின்பின் ஒருவர் பேச்சொடுங்கி, உறக்கமின்றி இருப்பின், அதனையும் சுபாவம் என்று தள்ளிவிடுதல் பெரும் பிழையாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம், போர் தனிமனித உள்ளத்தை மட்டுமன்றிக் குடும்பத்தையும் சமூகத்தையும் ஒருங்கே காயப்படுத்துகின்றது என்பதைத் தம் ஆய்வுகளில் விரிவாக எடுத்துரைத்துள்ளார். காயத்துக்கு வேண்டுவது பெயர் சூட்டுதல் அன்று, பரிவும் சிகிச்சையுமே.

ஆகவே, இக்கொள்கைகளைத் தம்மோடு பொருத்திப் பார்க்க விரும்புவோர் அவற்றைத் தீர்ப்பாகக் கொள்ளாது வினாவாகக் கொள்ளுதல் நன்று. “என் இயல்பு எது? இளமை எனக்குத் தந்தது எது? இச்சூழ்நிலை என்னைச் செய்தது எது? என் துயரத்தை இயல்பென எண்ணி மறைக்கின்றேனா?” இவற்றை ஒருவர் நேர்மையுடன் தம்மைக் கேட்டுக்கொள்வாராயின், கொள்கைகள் ஒவ்வொன்றும் சிறிது வெளிச்சம் தரும். அவ்வாறு தம்மை ஆராய்ந்தவர், அடுத்த வீட்டாரின் மௌனத்தையும் ஒரே சொல்லில் முடித்துவிடார். அருகிற் சென்று அமர்ந்து, நலம் வினவுவர்.