ஒற்றைத் தலைவலி மாத்திரை: கைமாற்றாக வாங்காதீர்கள்!

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பார்கள். காய்ச்சலையாவது தொட்டுப் பார்க்கலாம். ஒற்றைத் தலைவலியை யார் தொட்டுப் பார்ப்பது? அதனால்தான் "வேலைக்குப் பயந்து படுத்துக்கிட்டா" என்ற பேச்சும் நமக்கு வந்து சேருகிறது. ஆண்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு பெண்களுக்கு இந்த வலி வருகிறது. மாதவிலக்கை ஒட்டி உடம்பில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு சட்டென்று குறைவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

எங்கள் பண்ருட்டிப் பக்கம் அந்த வலியைக் கிளப்பிவிடும் சங்கதிகளுக்குப் பஞ்சமே இல்லை. சித்திரை, வைகாசி வெயில் ஒன்று. முந்திரிக் கொட்டை வறுக்கிற புகை இன்னொன்று. நெய்வேலியில் ஷிப்ட் வேலை பார்க்கும் கணவருக்காக ஒரு வாரம் விடியற்காலை அடுப்பு மூட்டி, அடுத்த வாரம் நள்ளிரவில் கதவு திறக்கிற பெண்களைக் கேளுங்கள். தூக்கம் முறை மாறினால் தலை தெறிக்கும் என்பார்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. பக்கத்துத் திருவதிகையில்தான் அப்பர் பெருமான் சூலை நோய் தாங்காமல் வந்து விழுந்தார். அவருக்கே தாங்கவில்லை, நாம் ஏன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டும்? நானும் பல வருஷமாக இந்த வலிக்காரிதான். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடுகிறேன், குணம் தெரிகிறது. ஆனால், "உன்கிட்ட அந்தத் தலைவலி மாத்திரை இருந்தா ஒண்ணு குடேன்" என்று யாராவது கேட்டால் மட்டும் கொடுப்பதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அட்டையில் என்ன இருக்கிறது?

மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். ஒற்றைத் தலைவலிக்கு நம் ஊரில் விற்கும் சில மாத்திரைகளில் 'எர்கோடமின்' என்ற பெயர் இருக்கும். கூடவே காபின், பாரசிட்டமால், வாந்தியை நிறுத்தும் மருந்து ஆகியவையும் இருக்கலாம்.

இந்த எர்கோடமின் பிறந்தது ஒரு பூஞ்சையிலிருந்து. கம்புக் கதிரில் 'தேன் ஒழுகல்' நோய் வருமே, அதன் இனத்தைச் சேர்ந்த பூஞ்சை அது. முன்பு ஐரோப்பாவில் அந்தப் பூஞ்சை பிடித்த ரை தானியத்தைத் தின்றவர்களுக்குக் கை கால் விரல்கள் கறுத்து அழுகி விழுந்தன. ரத்தக் குழாய்களைச் சுருக்குவதுதான் அதன் குணம். 1918-ல் ஸ்விட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோல் என்ற விஞ்ஞானி அதிலிருந்து எர்கோடமினைத் தனியே பிரித்தெடுத்தார். அளவோடு கொடுத்தால் ஒற்றைத் தலைவலி அடங்குவது பிறகு தெரிந்தது. அளவு மீறினால் பழைய விஷ குணம்தான். பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கை நிறுத்தப் போடுகிற ஊசி ஒன்றும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. கர்ப்பிணிகள் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

எதிர் வீட்டு அக்காவுக்கு நேர்ந்தது

எங்கள் எதிர் வீட்டு அக்கா, யாரோ சொன்னார்கள் என்று இந்த மாத்திரையைச் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கி வைத்திருந்தார். வலி வந்தால் ஒன்று, வரும்போல இருந்தாலும் ஒன்று. ஒரு தடவை தொண்டைப் புண்ணுக்கு ஒரு டாக்டரிடம் போனார். "வேறே மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார். "இல்லீங்க" என்று சொல்லிவிட்டார் அக்கா. தலைவலி மாத்திரையை அவர் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை!

டாக்டர் எரித்ரோமைசின் எழுதினார். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்ட மூன்றாம் நாள் அக்காவின் விரல்கள் மரத்துப்போய் ஜில்லிட்டன. தெருக் குழாய்வரை நடப்பதற்குள் கெண்டைக்கால் இழுத்தது. "விரலெல்லாம் வெளுத்துப்போச்சு பாரேன்" என்று என்னிடம் காட்டினார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். இரண்டு மருந்தையும் நிறுத்திப் படுக்கையில் சேர்த்தார்கள். நல்லவேளை, விரலுக்கு ரத்தம் திரும்பியது. எர்கோடமின் உடம்பில் கரைந்து வெளியேறுவதை எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற மருந்துகள் தடுத்துவிடுமாம். சாதாரண அளவே விஷ அளவாகி ரத்தக் குழாய் சுருங்கிவிடும். பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் மாத்திரைகளும் அப்படித்தான்.

இவர்கள் சாப்பிடக் கூடாது

கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், ரத்தக் கொதிப்பு, இருதய நோய், கை கால் ரத்தக் குழாய் அடைப்பு, கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு எர்கோடமின் ஆகாது.

1990-களில் வந்த சுமாட்ரிப்டான் வகை மாத்திரைகளும் ரத்தக் குழாயைச் சுருக்குபவைதான். இருதய நோயாளிகளுக்கும், ரத்தக் கொதிப்பு அடங்காதவர்களுக்கும் அவையும் கூடாது. எர்கோடமினுக்கும் இதற்கும் நடுவே 24 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். "அது கேக்கலே, இதையும் போட்டுப் பார்ப்போம்" என்பது ஆபத்து.

வலி வருமுன் கண்ணில் மின்னல் கோடுகள் ஓடுகிறதா? அப்படியானால் மாலா-டி போன்ற ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை உங்களுக்கு ஏற்றதல்ல. பக்கவாத அபாயம் கூடும். டாக்டரிடம் சொல்லி வேறு முறை கேளுங்கள்.

வலி வராமல் தடுக்கத் தினமும் சாப்பிடும் மருந்துகளும் உண்டு. அவற்றில் புரோபிரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. வால்ப்ரோயேட், டோபிராமேட் இரண்டும் கருவிலிருக்கும் குழந்தைக்குக் கெடுதல். கல்யாணமான பெண்கள், குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

காலண்டர் கணக்கு

மாத்திரையே தலைவலியை உண்டாக்கும் என்றால் நம்புவீர்களா? எர்கோடமின், டிரிப்டான் வகைகளையோ பல மருந்து கலந்த மாத்திரைகளையோ மாதத்தில் பத்து நாள் அல்லது அதற்கு மேல் சாப்பிட்டு, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், மருந்தாலேயே தலைவலி நிலைத்துவிடும். வெறும் பாரசிட்டமால் என்றால் பதினைந்து நாள்.

நான் செய்வது இதுதான். மாத்திரை சாப்பிட்ட நாளில் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைக்கிறேன். வாரத்துக்கு இரண்டு புள்ளிக்கு மேல் போனால் கடைக்குப் போவதில்லை, டாக்டரிடம் போகிறேன். வலி முற்றிய பிறகு விழுங்கினால் வாந்தியோடு போய்விடும். அதனால் வலி ஆரம்பித்ததுமே, சீட்டில் எழுதிய அளவு மட்டும் சாப்பிட்டு, இருட்டறையில் சற்றுப் படுத்துக்கொள்கிறேன்.

உடனே ஆஸ்பத்திரிக்கு

இடி விழுந்தாற்போல் திடீரென்று வரும் கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், தலையில் அடிபட்டபின் வரும் வலி, பிரசவமான சில வாரங்களில் வரும் கடும் வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி: இவை எதற்கும் வீட்டு மாத்திரை வேண்டாம். மாத்திரை சாப்பிட்டபின் விரல் மரத்தாலும், ஜில்லிட்டாலும், நெஞ்சு இறுகினாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே கிளம்புங்கள்.

கடைசியாக ஒன்று, சகோதரிகளே. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று அர்த்தம். நம்மில் பலர் மாத்திரைகளை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு வைக்கிறோம். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, சளியோ பல் வலியோ எதற்கு எந்த டாக்டரிடம் போனாலும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எதிர் வீட்டு அக்கா இப்போது அப்படித்தான் செய்கிறார்.