மடிக்கணினியின் வேலியைப் பிரிக்க முன் வீட்டுப் பொருட்களை வெளியே எடுங்கள்

இன்று எமது பெண்கள் பலரின் வீட்டில் ஒரு மடிக்கணினி இருக்கிறது. பிள்ளையின் படிப்புக்கென வாங்கியது, வெளிநாட்டிலுள்ள உறவினர் தந்தது, சுயதொழில் கணக்கு எழுதப் பயன்படுவது என அதற்குப் பல கதைகள். அதனுள் இருப்பவையும் பலவிதம். தையல் ஓடர்களின் கணக்கு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதியின் ஸ்கான் பிரதி, காணாமற்போன கணவர் அல்லது மகன் தொடர்பாகக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், அவருடைய எஞ்சிய ஒரேயொரு புகைப்படம். இவற்றில் சில, இடம்பெயர்ந்த காலத்தில் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக் கொண்டு வந்தவை. மூலப்பிரதி இல்லாமற்போய் கணினியில் மட்டும் மிஞ்சியவையும் உண்டு.

இப்படிப்பட்ட கணினியில் ஒருநாள் “சி றைவ் நிறைந்து விட்டது” என்று சிவப்புக் கோடு தெரியும். பக்கத்திலுள்ள டி றைவோ பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடக்கும். இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன என்ற எண்ணம் எவருக்கும் வரும். செய்யலாம். ஆனால் ஒழுங்கு தவறினால் டி றைவில் உள்ளது அத்தனையும் போய்விடும். ஆகவே முதலில் விடயத்தை விளங்கிக் கொள்வோம்.

ஒரு காணி, இரண்டு வளவு

கணினியில் தகவல்கள் சேமிக்கப்படும் பாகம் வன்தட்டு. சி, டி என இரண்டு தெரிந்தாலும் பெரும்பாலான மடிக்கணினிகளில் உள்ளே இருப்பது ஒரே வன்தட்டுத்தான். ஒரு காணியை நடுவே வேலி போட்டு இரண்டு வளவாகப் பிரித்தது போன்றது இது. உதாரணமாக 500 ஜீ.பி. என்று விற்கப்படும் வன்தட்டைக் கணினி சுமார் 465 ஜீ.பி. என்றே காட்டும். அதில் 100 சி றைவுக்கும் மீதி டி றைவுக்கும் போயிருக்கும். வின்டோஸ் இயங்குதளம் குடியிருப்பது சி வளவில். புதிய மென்பொருட்களும் மேம்படுத்தல்களும் அங்கேயே வந்து சேர்வதால் அதுதான் முதலில் நிறைகிறது.

வின்டோஸில் இரண்டு வளவையும் பொருட்களோடு அப்படியே இணைக்கும் வசதி இல்லை. டி வளவை முற்றாக வெறுமையாக்கி, அதன் வேலியைப் பிடுங்கி, அந்த நிலத்தை சி வளவோடு சேர்க்கும் வசதியே இருக்கிறது. எனவே டி யில் உள்ள பொருட்களை முன்கூட்டியே வெளியே எடுத்து வைப்பது எமது வேலை.

இணைக்கத்தான் வேண்டுமா?

பல வேளைகளில் தேவையில்லை. சி யில் உள்ள புகைப்படங்கள், வீடியோக்களை டி றைவுக்கு மாற்றினாலே இடம் கிடைத்துவிடும். ‘டிஸ்க் கிளீனப்’ மூலம் தற்காலிகக் கோப்புகளை நீக்கலாம். குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்குங்கள், ஆனால் உள்ளே என்ன கிடக்கிறதென்று பார்த்த பின்னர்.

இன்னொரு வழியும் உண்டு. டி றைவை சி யில் உள்ள ஒரு வெறும் ஃபோல்டருக்குள் திறக்கும்படி செய்யலாம். ‘டிஸ்க் மனேஜ்மென்ட்’ பகுதியில் டி மீது வலது கிளிக் செய்து, ‘சேஞ்ச் றைவ் லெட்டர் அன்ட் பாத்ஸ்’, பின்னர் ‘அட்’ என்பதைத் தெரிவு செய்து, அந்த வெறும் ஃபோல்டரைக் காட்டினால் போதும். அதன்பின் அந்த ஃபோல்டருக்குள் சேமிப்பதெல்லாம் டி யின் இடத்தையே பிடிக்கும். எதுவும் அழியாது. சி யின் அளவு கூடாதுதான், ஆனால் பலருக்கு இதுவே போதும்.

வேலிக்குக் கைவைக்க முன்

இணைத்தே ஆகவேண்டும் என்றால் பின்வருவனவற்றைச் செய்து முடியுங்கள்.

1. டி யில் உள்ள அனைத்தையும் வெளி வன்தட்டு ஒன்றுக்குப் பிரதி செய்யுங்கள். ‘கட்’ செய்யாதீர்கள், ‘கொப்பி’ செய்யுங்கள். சி யில் உள்ள முக்கிய ஆவணங்களையும் சேர்த்துக் கொள்ளுங்கள். அதே வன்தட்டில் பிரதி வைப்பது பிரதி அல்ல.

2. பிரதி செய்ததும் இரு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். ஃபோல்டர் மீது வலது கிளிக் செய்து ‘புறொப்பட்டீஸ்’ பார்த்தால் கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் தெரியும். இரண்டும் ஒத்திருக்க வேண்டும். பிறகு சில படங்களையும் ஆவணங்களையும் வெளி வன்தட்டிலிருந்தே திறந்து பாருங்கள்.

3. பென்றைவ் பயன்படுத்துவோர் கவனிக்க: பழைய ‘ஃபற் 32’ முறையில் அமைந்த பென்றைவ் 4 ஜீ.பி. க்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது. திருமண வீடியோ, செத்தவீட்டு வீடியோ போன்றவை இதனால் விடுபட்டுப் போகலாம்.

4. உறுதி, சான்றிதழ், முறைப்பாட்டுப் பிரதி, இல்லாதவரின் படம் ஆகியவற்றுக்கு இரண்டாவது பிரதி ஒன்று வேண்டும். அதை வேறொரு வீட்டில், நம்பிக்கையான உறவினரிடம் வையுங்கள். இயலுமானால் அச்சிட்டும் வையுங்கள்.

5. டி றைவில் மென்பொருட்கள் நிறுவப்பட்டிருந்தால் அவை பிறகு இயங்கா. அவற்றை மீண்டும் நிறுவ வேண்டிவரும்.

6. றைவ் மீது பூட்டு அடையாளம் தெரிந்தால் ‘பிட்லொக்கர்’ பாதுகாப்பு இருக்கிறது. அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டை முதலில் எழுதி வையுங்கள்.

7. பற்றரியை முழுமையாக ஏற்றி, சார்ஜரையும் இணைத்து வையுங்கள். நடுவில் மின் தடைப்பட்டாலும் கணினி நிற்கக்கூடாது.

இணைக்கும் முறை

வெளி வன்தட்டைக் கழற்றி விடுங்கள். தவறுதலாக அதை அழித்துவிடாமல் இருக்க இது நல்ல காவல். வின்டோஸ் 10, 11 இல் வின்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் ‘டிஸ்க் மனேஜ்மென்ட்’ இருக்கும். திறந்தால் வன்தட்டு பெட்டி பெட்டியாகத் தெரியும்.

இப்போது சி யையும் டி யையும் பாருங்கள். டி யானது சி க்கு வலது பக்கத்தில், ஒட்டியபடி இருக்க வேண்டும். நடுவே ‘றிக்கவரி’ என்ற சிறு பெட்டி இருந்தால் இந்த முறை சரிவராது. இரண்டு வளவுக்கும் இடையில் ஒழுங்கை ஓடுவது போன்றது அது. அந்தப் பெட்டியை ஒருபோதும் அழிக்காதீர்கள், விடயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ‘ஈ.எஃப்.ஐ.’ என்ற பெட்டிக்கும் கைவைக்க வேண்டாம், அது போனால் கணினியே எழும்பாது.

ஒட்டியபடி இருந்தால் டி மீது வலது கிளிக் செய்து ‘டிலீற் வொல்யூம்’ தெரிவு செய்யுங்கள். எழுத்தையும் அளவையும் இன்னொரு முறை சரிபார்த்த பின்னரே சம்மதம் கொடுங்கள். அந்த இடம் கறுப்புப் பட்டையுடன் ‘அன்அலொகேற்றட்’ என மாறும். சில பழைய கணினிகளில் பச்சை நிறத்துடன் ‘ஃப்றீ ஸ்பேஸ்’ என்று வரும். அப்படியானால் அதன்மீது இன்னொரு முறை ‘டிலீற்’ கொடுக்க, கறுப்பாகும்.

அடுத்து சி மீது வலது கிளிக் செய்து ‘எக்ஸ்டென்ட் வொல்யூம்’ தெரிவு செய்து, ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’, ‘ஃபினிஷ்’ என்று போங்கள். சில விநாடிகளில் சி விரிந்துவிடும். கணினியை ஒருமுறை நிறுத்தி எழுப்பி, வெளி வன்தட்டில் உள்ளவற்றைத் திரும்பப் பிரதி செய்யுங்கள். வெளியே உள்ள பிரதியை அழிக்க வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும்.

தவறி அழிந்துவிட்டால்

உடனே வேலையை நிறுத்துங்கள். அந்த வன்தட்டில் எதையும் சேமிக்காதீர்கள், புதிய மென்பொருள் எதையும் நிறுவாதீர்கள். அழிக்கப்பட்ட வளவில் பொருட்கள் சிலகாலம் அப்படியே கிடக்கும், மேலே புதியது எழுதப்படும்போதுதான் முற்றாக அழியும். ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற இலவச மென்பொருள் மூலம், தெரிந்த ஒருவர் இழந்த பிரிவை மீட்க முயலலாம். ஆனால் புதிய மடிக்கணினிகளில் உள்ள ‘எஸ்.எஸ்.டி.’ வகைத் தட்டில் அழிந்ததை மீட்பது மிகவும் கடினம். ஆகவே மீட்பை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்.

கடைக்குக் கொடுப்பவர்களுக்கு

இந்த வேலையைக் கடையில் செய்விப்பதில் தவறில்லை. ஆனால் பிரதி எடுக்கும் வேலையை அவர்களிடம் விடாமல் நீங்களே முன்கூட்டிச் செய்து, அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இயலுமானால் பக்கத்தில் இருந்து செய்வியுங்கள். “ஃபோர்மற் பண்ணித் தாறோம்” என்றால், அதற்கு அர்த்தம் உள்ளதெல்லாம் அழியும் என்பதே. கடவுச்சொல்லைக் கொடுக்க நேர்ந்தால் வீடு வந்ததும் மாற்றிவிடுங்கள். குடும்பப் படங்களும் வழக்குப் பத்திரங்களும் உள்ள கணினி அது. “இதில் என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இணைக்கும் வேலை ஐந்து நிமிடம், பிரதி எடுக்கும் வேலை அரை நாள். அந்த அரை நாளை ஒதுக்க முடியாத அன்று கணினியின் வேலிக்குக் கைவைக்க வேண்டாம்.